ஒத்ததிர்வும் டெஸ்லாவின் அதிர்வு யந்திரமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நிக்கோலா டெஸ்லா என்னும் பெயரை அறியாத பள்ளிப் பிள்ளைகள் இன்று சிலரே. அப்பெயரைக் கேட்டவுடன் அவர்களிற் பலர் ஒரே கதையைச் சொல்லுகின்றனர். சட்டைப்பையில் அடங்கத்தக்க ஒரு சிறு யந்திரத்தைக் கட்டடத்தின் தூணொன்றிற் பொருத்தி, நியூயார்க் நகரத்தின் ஒரு பகுதியையே பூகம்பம் வந்தாற்போல் அவர் நடுங்கச் செய்தார் என்பது அக்கதை. இதில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு எனப் பகுத்துக் காண்பதே இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயம். முதற்கண் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அந்த யந்திரம் நிலத்தை நடுக்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. மின்சாரம் உண்டாக்குவதற்காகச் செய்யப்பட்டது. அதன் சிறப்பு வலிமையில் இல்லை. காலந் தவறாமையில் இருந்தது. உள்ள சிறப்பு மறக்கப்பட்டு, இல்லாத சிறப்பொன்று ஊரெங்கும் பரவிவிட்டது.

ஒத்ததிர்வு என்பது யாதென முதலில் ஆராய்வோம். வீட்டுக் கூடத்தில் ஊஞ்சல் ஆட்டாத தாய்மார் இங்கு யாருமிலர். குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டும் தாய், தன் முழு வலிமையையும் ஒரே தள்ளலிற் செலவிடுவதில்லை. ஊஞ்சல் தன்பால் வந்து திரும்பும் அந்தக் கணத்தில் விரல்களால் இலேசாக உந்துகிறாள். அது மீண்டு வரும்போது மறுபடியும் உந்துகிறாள். பத்து இருபது முறை ஆனபின் ஊஞ்சல் உத்தரத்தை எட்டுவதுபோல் வீசுகிறது. ஊஞ்சல் ஒருமுறை போய்வரும் காலம் அதன் சங்கிலியின் நீளத்தைப் பொறுத்தது; தாய் விரும்பியவாறு அமைவதன்று. அக்காலத்துக்கு இசைந்து தள்ளினால் சிறு தள்ளல்களெல்லாம் ஒன்றுசேர்கின்றன; இசையாது தள்ளினால் முன் தள்ளியதைப் பின் தள்ளுவது அழித்துவிடுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் இங்ஙனம் இயல்பாய் அமைந்த ஓர் அதிர்வுக் காலம் உண்டு. புறத்திலிருந்து வரும் அசைவு அதனோடு ஒத்திருக்கும்போது அப்பொருளின் ஆட்டம் பெருகுவதே ஒத்ததிர்வு எனப்படும்.

இஃது ஐரோப்பியர் நேற்றுக் கண்ட புதுமையன்று என்பார் உண்டு. ஊஞ்சலும் ஆலயமணியும் எந்நாட்டுக்கும் பழையனவே. ஆயினும் அதன் காரணத்தைத் தெளிவாக எழுதிவைத்தவருள் முதன்மையானவர் இத்தாலி தேசத்துக் கலிலியோ. 1638-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அவர் ஆலயமணியை எடுத்துக்காட்டினார். காலமறிந்து கயிற்றை இழுப்பவன் ஒருவனே பெருமணியை ஆட்டிவிடலாம். ஆடத் தொடங்கிய அம்மணியை நிறுத்த முயன்று கயிற்றைப் பிடிப்போர் நால்வர் அறுவராயினும், அவர்களையும் அது நிலத்தினின்று தூக்கிவிடும் என்பது அவர் கூறியதன் கருத்து. ஒருவன் கொடுத்த விசை அறுவரைத் தூக்கியது எப்படி? அவன் ஒரே முறையிற் கொடுத்ததன்று அது. பலமுறை கொடுத்துச் சேமித்தது. இச்சொல்லை அன்பர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம். சேமித்தது, உண்டாக்கியதன்று.

இதனைக் கண்ணாற் காண்பதற்காகவே மேடையில் இரு கம்பங்களுக்கிடையே ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டி, அதில் மூன்று குண்டுகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். முதற் குண்டும் மூன்றாங் குண்டும் ஒரே நீளமுள்ள நூல்களில் தொங்குகின்றன. நடுக் குண்டின் நூல் அவற்றிற் பாதி நீளமே உள்ளது. இப்பொழுது முதற் குண்டை மட்டும் ஆட்டிவிடுகிறோம். சற்றே பொறுத்துப் பாருங்கள். யாரும் தொடாத மூன்றாங் குண்டு மெல்ல அசையத் தொடங்குகிறது. நடுக் குண்டோ, இரண்டுக்கும் இடையில் இருந்தும், ஏதோ சிறிது நடுங்கி நின்றுவிடுகிறது. கயிற்றின் வழியாய் வரும் அசைவு இரண்டுக்கும் பொதுவே. அதனை ஏற்றுக்கொள்ளும் இயல்பு மூன்றாவதற்கே உண்டு. இன்னும் பாருங்கள். மூன்றாங் குண்டு நன்றாக ஆடும் இந்த வேளையில் முதற் குண்டு ஏறக்குறைய நின்றேவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் "முதற் குண்டு ஏன் நின்றது?" எனக் கேட்கிறான். சிறந்த கேள்வி. மூன்றாவது பெற்ற ஆட்டம் முழுவதும் முதலாவது இழந்த ஆட்டமே என்பதே விடை. ஒருவர் பெட்டியிலிருந்து மற்றவர் பெட்டிக்குப் பணம் மாறினாற்போலத்தான்; இரு பெட்டிகளிலும் சேர்த்து எண்ணினால் ஒரு காசும் கூடியிராது. உராய்வினாற் சில காசு குறைந்திருக்கவுங்கூடும்.

இவ்விடத்தில் நம் குடும்பங்களுக்கு நேரே தொடர்புள்ள ஒரு விஷயத்தைக் கூறாமல் மேற்செல்ல யாம் விரும்பவில்லை. எரிபொருள் வேண்டாத மின்சார யந்திரம், டெஸ்லா கண்டு மறைத்துவைக்கப்பட்ட இரகசியம், ஒத்ததிர்வினால் ஒன்று போட்டால் பத்து எடுக்கலாம் என்றெல்லாம் படங்கள் காட்டிப் பங்குத்தொகை கேட்போர் பல நாடுகளில் இருக்கின்றனர். வியாபாரத்தில் ஒவ்வொரு காசுக்கும் கணக்குப் பார்க்கும் நம்மவர், விஞ்ஞானம் என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தில் கணக்கை மூடிவைத்துவிடுதல் தகுமோ? ஒத்ததிர்வு புதிதாய்ச் சக்தியை உண்டாக்குவதில்லை என்பதற்கு மேடையில் தொங்கும் இக்குண்டுகளே சான்று. டெஸ்லாவின் யந்திரமும் நீராவியைத் தின்றே மின்சாரத்தைத் தந்தது. அந்த நீராவிக்கு நிலக்கரி எரிக்கவேண்டியிருந்தது.

இனி, ஆட்டம் எதுவரையிற் பெருகும் என்பதையும் ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒவ்வொரு தள்ளலும் ஊஞ்சலின் வீச்சை ஒரு விரற்கடை கூட்டுகிறதென்று கொள்வோம். காற்றின் தடையாலும் கொக்கியின் உராய்வாலும் ஒவ்வோர் ஆட்டத்திலும் உள்ள வீச்சிற் பத்திலொரு பங்கு குறைகிறதென்றும் கொள்வோம். வீச்சு பத்து விரற்கடையை அடையும்போது, குறைவதும் ஒரு விரற்கடை, கூடுவதும் ஒரு விரற்கடை. அதற்குமேல் நாளெல்லாம் தள்ளினும் ஏறாது. நூற்றிலொரு பங்கே குறையுமாயின் நூறு விரற்கடை வரை ஏறும். பாதி குறையுமாயின் இரண்டோடு நின்றுவிடும். ஆகவே ஒத்ததிர்வின் விளைவு தள்ளுபவனின் கையில் மட்டும் இல்லை. தள்ளப்படும் பொருள் எவ்வளவு விரைவாகத் தன் ஆட்டத்தை இழக்கிறது என்பதிலும் இருக்கிறது. இத்தணிவின் கணக்கைப் பின்னர்ப் பயன்படுத்துவோம்.

தணிவு குறைந்த அமைப்புகளில் நேர்ந்த விபரீதங்களுக்குச் சரித்திரச் சான்றுகள் உண்டு. இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் நகரத்தருகே பிராட்டன் என்னுமிடத்தில் இரும்புச் சங்கிலிகளில் தொங்கும் பாலம் ஒன்று இருந்தது. 1831-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12-ஆம் நாள் 74 போர்வீரர்கள் அதன்மேல் அடியொத்து நடந்து வந்தனர். பாலம் தம் நடைக்கேற்ப ஆடுவதைக் கண்டு அவர்கள் மகிழ்ந்து, சீழ்க்கையடித்துக்கொண்டு இன்னும் அழுத்தமாக அடிவைத்தனர் என்று கூறப்படுகிறது. பாலத்தின் ஒரு முனை பிடிவிட்டு வீழ்ந்தது. சுமார் 40 பேர் ஆற்றில் விழுந்தனர். நல்வினைப் பயனாக ஒருவரும் இறக்கவில்லை. சங்கிலியைப் பிணித்த ஆணியொன்று முன்னரே பழுதுற்றிருந்ததெனப் பின்னர்த் தெரிந்தது. பாலங்களைக் கடக்கும்போது படைவீரர் அடிமாற்றி நடக்கவேண்டும் என்னும் விதி அதன்பின் ஆங்கிலேயப் படையில் ஏற்பட்டது. பிரான்சு தேசத்து ஆஞ்சே நகரத்தில் 1850-இல் நேர்ந்ததோ பெருந்துயரம். புயற்காற்றில், துருப்பிடித்த கம்பிவடங்களையுடைய பாலத்தின்மேல் சென்ற படையினரில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அமெரிக்காவில் டக்கோமா ஜலசந்திப் பாலம் 1940-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் காற்றில் முறுக்குண்டு வீழ்ந்த காட்சியைச் சலனப்படத்தில் கண்டிருப்பீர்கள். பாடப்புத்தகங்கள் சில அதனையும் ஒத்ததிர்வின் கணக்கில் எழுதிவிடுகின்றன, அது சரியன்று. அங்கே காற்று காலமறிந்து தள்ளவில்லை. பாலத்தின் முறுக்காட்டமே காற்றிலிருந்து மேன்மேலும் சக்தியை இழுத்துக்கொண்டது. இவ்விரண்டும் வேறு வேறு.

இப்பொழுது டெஸ்லாவினிடம் வருவோம். அவர் 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம், இன்று குரோவேஷியா எனப்படும் நாட்டிலுள்ள ஸ்மில்யான் என்னும் சிற்றூரில் செர்பியக் குடும்பமொன்றிற் பிறந்தவர். தந்தையார் கிறிஸ்தவ குரு. 1884-இல் அமெரிக்கா சென்றார். மாறுமின்னோட்டத்தால் இயங்கும் மோட்டாருக்கு 1888-இல் உரிமை பெற்றார். 1893-இல் சிக்காகோ நகரத்தில் நடந்த உலகப் பொருட்காட்சி அவருடைய முறைப்படி உண்டாக்கிய மின்சாரத்தால் ஒளி பெற்றது. அப்புகழின் உச்சியில் இருந்தபோதே, ஆகஸ்டு மாதம், அங்குக் கூடிய சர்வதேச மின்சார மகாநாட்டில் அவர் தம் அதிர்வு யந்திரத்தை விளக்கிக் காட்டினார்.

அதன் தேவை எங்கிருந்து பிறந்ததென அறிந்தாலன்றி அதன் அருமை விளங்காது. அந்நாளில் மின்சாரம் உண்டாக்கும் நிலையமொன்றில் நீராவியெஞ்சினின் பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடும். கிராங்கு அவ்வோட்டத்தைச் சுழற்சியாக மாற்றும். ப்ளைவீல் என்னும் கனத்த சக்கரம் அச்சுழற்சியைச் சமப்படுத்தும். பின்னர்த் தோல்வார் அதனை டைனமோவுக்குக் கொண்டுசெல்லும். ஒவ்வொரு படியிலும் உராய்வு. ஒவ்வொரு படியிலும் நஷ்டம். அன்றியும், ஊரில் விளக்குகள் கூடும்போது எஞ்சின் சிறிது தளரும், குறையும்போது விரையும். கவர்னர் என்னும் கட்டுப்பாட்டுக் கருவி ஓரளவு சரிசெய்யினும், மின்னோட்டத்தின் அதிர்வெண் ஏறியிறங்கிக்கொண்டே இருக்கும். மற்றவர்களுக்கு அது பெருங்குறையாய்த் தோன்றவில்லை. டெஸ்லாவுக்கோ அது பெருந்தொல்லை. அவருடைய ஆராய்ச்சிகள் எல்லாம் சுருதி சேர்த்த மின்சுற்றுக்களைப் பற்றியவை. சுருதி ஒருபுறமும் பாட்டு ஒருபுறமுமாய்ச் சென்றால் கச்சேரி என்னாகும்?

அவர் கண்ட வழி எளியது. பிஸ்டன் இயல்பாகவே முன்பின் ஓடுகிறது; அதனை ஏன் சுழற்சியாக மாற்றவேண்டும்? கிராங்கையும் சக்கரத்தையும் தோல்வாரையும் நீக்கிவிட்டு, பிஸ்டன் தண்டிலேயே கம்பிச்சுருளைப் பொருத்தி, காந்தப் புலத்தினிடையே அச்சுருளை முன்பின் ஓடச் செய்தார். சுருள் காந்தப் புலத்தை வெட்டுந்தோறும் அதில் மின்சாரம் பிறக்கும். நீராவியாலோ அழுத்திய காற்றாலோ பிஸ்டன் ஓடும். அதன் ஓட்டத்தை ஒழுங்குபடுத்துவது ஓர் அறையில் அடைபட்ட காற்று. பிஸ்டன் நெருங்கும்போது அக்காற்று சுருங்கிப் பின்னுக்குத் தள்ளும், விலகும்போது விரியும். அது காற்றாலாகிய ஒரு வில்லே. வீணைத் தந்தியை மெல்லத் தெறித்தாலும் வன்மையாகத் தெறித்தாலும் ஒலி பெருகுமேயன்றிச் சுருதி மாறாததுபோல், இக்காற்றுவில்லும் பிஸ்டனின் எடையும் சேர்ந்து அமைத்த அதிர்வுக்காலம், நீராவி சற்றுக் கூடினும் குறையினும், பெரும்பாலும் மாறாது. இத்தோடு அவர் நிற்கவில்லை. பிறந்த மின்சாரம் பாயும் சுற்றையும் அதே அதிர்வெண்ணுக்குச் சுருதி சேர்த்தார். பிஸ்டன் சற்றே முந்த முயன்றால் மின்சுற்று அதனைப் பின்னிழுக்கும், பிந்தினால் உந்தும். ஒரே நுகத்திற் பூட்டிய இரு காளைகளைப்போல் ஒன்றையொன்று நடைதவறாமற் காத்துக்கொண்டன. மின்சார வரலாற்றிலே இதனினும் அழகிய கருத்துச் சிலவே என்பது எம் எண்ணம். 1893 ஆகஸ்டு 19-இல் விண்ணப்பித்த இந்த மின்னாக்கிக்கு 1894 ஜனவரி 2-ஆம் நாள் 511,916 என்னும் எண்ணுள்ள உரிமைப் பத்திரமும், அதனை இயக்கும் எஞ்சினுக்குப் பிப்ரவரி 6-ஆம் நாள் 514,169 என்னும் எண்ணுள்ள பத்திரமும் அமெரிக்க அரசாங்கத்தாரால் வழங்கப்பட்டன.

1895-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13-ஆம் நாள் அதிகாலையில் அவருடைய ஆராய்ச்சிசாலை இருந்த கட்டடம் தீப்பற்றியது. யந்திரங்களும் குறிப்புகளும் பல ஆண்டு உழைப்பும் ஓரிரவிற் சாம்பலாயின. பின்னர் ஹூஸ்டன் வீதியில் புதிய ஆராய்ச்சிசாலை அமைத்தார். அங்கே அதிர்வு யந்திரத்தின்மேல் பொருத்திய மேடையொன்றில் நண்பர்களை ஏற்றி நிறுத்துவாராம். நகைச்சுவை ஆசிரியர் மார்க் ட்வெயின் அதன் சுகத்தில் மயங்கி, இறங்கச் சொல்லியும் இறங்காமல் நின்று, திடீரென வயிறு கலங்கிக் குதித்து ஓடினார் என்றொரு கதை வழங்குகிறது. தாய்மார் கூடியுள்ள சபையாதலின் இதற்குமேல் விவரியோம்.

பூகம்பக் கதையும் இந்த ஹூஸ்டன் வீதியைச் சார்ந்ததே. 1898-ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இது, பத்திரிகைகளிற் பரவியது 1935-ஆம் ஆண்டு ஜூலையில், டெஸ்லா தம் 79-ஆம் பிறந்தநாளையொட்டி நிருபர்களிடம் பேசியபோதுதான். சிறு அதிர்வு யந்திரத்தைக் கட்டடத்தில் பொருத்தியதாகவும், சுற்றுப்புறமெல்லாம் நடுங்கியதாகவும், சம்மட்டியால் யந்திரத்தை உடைத்து நிறுத்தியதாகவும் கூறினார். அத்தகைய கருவியால் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தையும் வீழ்த்தலாம் என்று அவர் சொன்னதாக எழுதினர். ஏறக்குறைய 37 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு முதியவர் தம்மைப் பற்றித் தாமே சொன்ன சொல் இது. கதை முழுவதும் அச்சொல்லின்மேலேயே நிற்கிறது.

யாம் முன் சொன்ன கணக்குகளை இங்கே கொண்டுவருவோம். உயர்ந்த கட்டடத்தின் முதன்மையான ஆட்டத்துக்கு மாடியொன்றுக்குச் சுமார் 1/10 நொடி வீதம் காலம் செல்லும் என்பது பொறியாளர் வழங்கும் தோராயக் கணக்கு. பத்து மாடிக் கட்டடம் ஒரு முறை அசைந்துவர ஒரு நொடி. எம்பயர் ஸ்டேட் போன்ற 102 மாடிக் கட்டடத்துக்குப் பல நொடிகள். நொடிக்குப் பலமுறை குதிக்கும் சிறு பிஸ்டனுக்கும் அந்த மந்த நடைக்கும் இசைவு ஏது? இசைவித்தாலும், சுவரும் தளமும் அஸ்திவாரமும் மண்ணும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பங்கை விழுங்கிவிடும். சிறு யந்திரம் கொடுக்கும் ஒரு விரற்கடை, அங்கே மயிரிழையளவுமன்று. ஆயினும் கதை முழுப் பொய்யென்றும் யாம் கூறோம். சன்னற் கண்ணாடி, நீர்க்குழாய், மெல்லிய தளம் முதலியவற்றின் அதிர்வுக்காலம் குறுகியது. அவை இத்தகைய யந்திரத்தோடு எளிதில் இசையும். அண்டைவீட்டுக் கண்ணாடிகள் கடகடத்து மக்கள் அஞ்சினர் என்றால் நம்பலாம். 2006-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியார் சிலர் ஒரு சிறு அதிர்வுக் கருவியைப் பழைய இரும்புப் பாலமொன்றிற் பொருத்திச் சோதித்தனர். வெகுதூரத்தில் நின்றவரும் கால்களில் நடுக்கத்தை உணர்ந்தனர். பாலத்துக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. மெய்யின் அளவு ஏறக்குறைய அவ்வளவே.

அங்ஙனமாயின், இத்துணை அழகிய மின்னாக்கி ஏன் உலகில் நிலைக்கவில்லை? அதனை வென்றது சுழற்சியே. இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் 1884-இலேயே நீராவி டர்பைனைச் செய்திருந்தார். அவருடைய முதல் யந்திரம் நிமிஷத்துக்கு 18,000 முறை சுழன்றது. முன்பின் ஓடும் பிஸ்டன் ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்பவேண்டும். பெரிதாகப் பெரிதாக அந்நிறுத்தமும் திருப்பமும் யந்திரத்தையே அலைக்கழிக்கும். சுழலும் டர்பைனுக்கு அத்தொல்லை இல்லை. ஊர் முழுதுக்கும் வேண்டிய சக்தியை ஒரே தண்டில் தரவல்லது. டெஸ்லாவும் இதனை உணர்ந்தே போலும், பிற்காலத்தில் இலைகளில்லாத டர்பைன் ஒன்றை அமைத்து 1913-இல் உரிமை பெற்றார். 1943 ஜனவரியில் நியூயார்க் விடுதியொன்றின் அறையில் அவர் தனியே இறந்தபோது, அதிர்வு மின்னாக்கியைக் கருதுவார் அரியர். பூகம்பக் கதையே மிஞ்சியது.

ஆனால் அக்கருத்து முற்றும் அழியவில்லை. 1960-களில் அமெரிக்காவின் ஓகாயோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வில்லியம் பீல் என்பார், கிராங்கு இல்லாத ஸ்டர்லிங் எஞ்சினை அமைத்தார். அதிலும் பிஸ்டன் சுதந்திரமாய் முன்பின் ஓடும். வாயுவின் மீள்விசையோடு இசைந்து தன் இயல்பதிர்விலேயே இயங்கும். இவ்வகை யந்திரத்தின் பிஸ்டனோடு காந்தத்தையோ கம்பிச்சுருளையோ இணைத்தால் மின்சாரம் பிறக்கிறது. டெஸ்லாவின் பத்திரங்களைப் பார்த்துச் செய்ததென்று சொல்ல யாம் துணியோம்; வேறொரு வழியால் அதே இடத்தை வந்தடைந்தது எனலாம். சூரிய வெளிச்சம் எட்டாத தொலைவுக்குச் செல்லும் விண்கலங்களுக்கு மின்சாரம் வேண்டி, அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் க்ளென் ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வகை யந்திரங்களை ஆண்டுக்கணக்கில் ஓட்டிச் சோதித்தனர். உராய்ந்து தேயும் உறுப்பும் எண்ணெயிட வேண்டிய இடமும் இல்லாதபடி அவை அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, 2020-ஆம் ஆண்டளவில், பழுதுபார்ப்பு என்பதே இன்றி 14 ஆண்டுகள் ஓடி முடித்திருந்தது.

மேடையிலுள்ள குண்டுகளைச் சிறுவர்கள் வந்து ஆட்டிப் பார்க்கலாம். நடுக் குண்டின் நூலை மற்றவற்றோடு ஒத்த நீளமாக்கிக் கட்டுவதற்கு வேண்டிய நூலும் மேசைமேல் வைத்திருக்கிறோம்.